கிராப்பி ட்ரோலிங்: கலரை அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல வேகத்தைப் பிடிங்க

கேரி, மோரிஸ்வில், ஏபெக்ஸ் பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்க நிறைய பேர் ஜோர்டன் லேக்குக்குப் போயிருப்பீங்க. வீக்கெண்ட்ல கிரில் போட்டு சாப்பிட்டு, பசங்கள தண்ணில விளையாட விட்டுட்டு, சாயங்காலம் வீடு திரும்பியிருப்பீங்க. அதே லேக்குக்கு பிப்ரவரி கடைசில இருந்து ஏப்ரல் வரைக்கும் விடியற நேரத்துல ஒரு தடவை போய் பாருங்க. ஃபேரிங்டன் ரோடு பாலத்தைச் சுத்தி சின்னச் சின்ன போட்டுங்க நிக்கும், ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி ஆறு எட்டு தூண்டில் ராட் மயில் தோகை மாதிரி விரிஞ்சிருக்கும், மனுஷன் நடக்கற வேகத்துல பாதி கூட இருக்காது, அப்படியே ஊர்ந்து போயிட்டே இருப்பாங்க. அவங்க தேடறது கிராப்பிங்கற மீனை. போட் ஓட ஓட தூண்டிலை இழுத்துட்டு போறதுதான் ட்ரோலிங், அதுல இந்த மாதிரி பின்னாடி ஜிக்கை, அதாவது எடை வச்ச தலையும் ப்ளாஸ்டிக் வாலும் உள்ள தூண்டில் முள்ளை, இழுத்துட்டு போறதுக்கு இங்க லாங்லைனிங்னு பேரு, நார்த் கரோலினா, சவுத் கரோலினா, ஜார்ஜியா, அலபாமா பக்கமெல்லாம் ரொம்ப பழக்கமான முறை இது. நான் இதுல இறங்கி ஆறு சீசன் ஆச்சு, புதுசா ஆரம்பிக்கிறவங்க கேக்கற கேள்வி எப்பவும் ஒரே மாதிரி இருக்கு, என்ன கலர் ஜிக் வாங்கணும்ங்கறதுதான் அது. அதைவிட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

மொதல்ல மீனைப் பத்தி கொஞ்சம். கிராப்பி பாக்க நம்ம ஊரு ஜிலேபி மீன் மாதிரி தட்டையா அகலமா இருக்கும், ஆனா உடம்பு வெள்ளி கலர்ல கறுப்பு புள்ளியோட பளபளன்னு இருக்கும், வாய் பெருசு. சிலர் கிரேப்பிங்கற மாதிரி சொல்வாங்க, சிலர் கிராப்பிம்பாங்க, லூசியானாவுல சாக்கலேன்னு வேற பேரே வச்சிருக்காங்க. ரெண்டு வகை இருக்கு, வெள்ளை கிராப்பி, கறுப்பு கிராப்பி. கலரை வச்சு பிரிச்சுப் பாத்தா ஏமாந்துடுவோம், முதுகுத் துடுப்புல முன்னாடி இருக்கிற முள்ளை எண்ணுங்க, 5 இல்ல 6 இருந்தா வெள்ளை, 7 இல்ல 8 இருந்தா கறுப்பு. சாதாரணமா கிடைக்கறது முக்கால் பவுண்டு, ஒரு பவுண்டு. ரெண்டு பவுண்டு கிடைச்சா அன்னிக்கு ஃபோட்டோ எடுத்து ஊருக்கே அனுப்பலாம். வெள்ளை கிராப்பில உலக ரெக்கார்டு 1957ல மிசிசிப்பி மாநிலம் எனிட் லேக்ல பிடிச்ச 5 பவுண்டு 3 அவுன்ஸ் மீன், இத்தன வருஷமா அதை யாரும் தாண்டல. கறுப்புல 2018ல டென்னசில 5 பவுண்டு 7 அவுன்ஸ்.

இந்த மீனைப் பத்தி நீங்க மனசுல வச்சுக்க வேண்டியது ரெண்டே விஷயம். ஒண்ணு, அதோட கண்ணு மேல பாக்கற மாதிரி அமைஞ்சிருக்கு, தலைக்கு மேல போற இரையை எழும்பி வந்து பிடிக்கும், கீழ போறதுக்கு இறங்கி வர்றது அபூர்வம். அதனால உங்க ஜிக் மீன் இருக்கிற ஆழத்துக்கு ஒரு அடி மேல போனா கவலையே இல்ல, ஒரு அடி கீழ போச்சுன்னா நாள் முழுக்க இழுத்தாலும் ஒண்ணும் நடக்காது. ரெண்டாவது, வாயோட ஓரம் பேப்பர் மாதிரி மெல்லிசு, இங்க பேப்பர்மவுத்னே சொல்வாங்க. வேகமா சுண்டி இழுத்தா தூண்டில் முள்ளு கிழிச்சுட்டு வெளிய வந்துடும். இந்த ரெண்டும் ஞாபகம் இருந்தா மிச்சத்தை நீங்களே யோசிச்சு கண்டுபிடிச்சுடலாம்.

ஏன் ட்ரோலிங், நங்கூரம் போட்டு ஒரே இடத்துல உக்காந்து பிடிக்கக் கூடாதான்னு கேட்டா, பிடிக்கலாம், முட்டையிடற சமயத்துல கரையோரம் புதருக்குள்ள வந்து நிக்கும்போது அப்படித்தான் பிடிக்கணும். ஆனா அதுக்கு முன்னாடி, தண்ணி ஐம்பது டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டற சமயத்துல, கிராப்பி கூட்டம் கூட்டமா ஓடைவாய் பக்கம் வந்து நடுத்தண்ணில மிதந்துட்டு நிக்கும், கீழ தரை 15 அடி ஆழத்துல இருக்கும், மீன் 8 அடில இருக்கும், இன்னிக்கு இங்க இருக்கும் நாளைக்கு முன்னூறு அடி தள்ளி இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடிக்க மெதுவா இழுத்துட்டே போறது மாதிரி சுலபமான வழி கிடையாது. 2018ல லைவ்ஸ்கோப்னு ஒண்ணு வந்துச்சு, மீன் நீந்தறதை ஸ்கிரீன்ல நேரடியா பாக்கலாம், கிராப்பி பிடிக்கற முறையே அதுக்கப்புறம் தலைகீழா மாறிடுச்சு. ஆனா அது ஆயிரக்கணக்கான டாலர் சமாச்சாரம், ஆரம்பிக்கறவங்களுக்கு அது தேவையே இல்ல. ஆழம் காட்டற சாதாரண ஃபிஷ்ஃபைண்டர், வேகம் காட்ட ஃபோன்ல ஒரு ஜிபிஎஸ் ஆப், இது போதும்.

என்னென்ன வேணும்

போட் 14, 16 அடி அலுமினியம் போட் இருந்தா தாராளம். முக்கியமா வேணுங்கறது எலக்ட்ரிக் ட்ரோலிங் மோட்டார், அது முன்னாடி பொருத்தறதா இருந்தா நல்லது, ஏன்னா முன்னாடி இருந்து இழுக்கும்போது போட் நேரா வரும், பின்னாடி இருந்து தள்ளினா காத்துல மூக்கு இங்கயும் அங்கயும் திரும்பிட்டே இருக்கும். உங்ககிட்ட பின்னாடி மாட்டற மோட்டார்தான் இருக்குன்னா அதை வச்சே ஆரம்பிங்க, காத்து இல்லாத நாளா பாத்து போங்க. பேட்டரி கார் பேட்டரி வேண்டாம், டீப் சைக்கிள்னு கேட்டு வாங்கணும், நாலஞ்சு மணி நேரம் விடாம ஓடணும் இல்லையா.

ராட் விஷயத்துல எல்லாரும் செய்யற தப்பு, எடுத்த எடுப்புலயே எட்டு ராட் வச்சுடறது. அனுபவசாலி போட்ல எட்டு இருக்கிறதைப் பாத்துட்டு நாமளும் எட்டு வச்சா, முதல் திருப்பத்துலயே எட்டும் ஒண்ணோட ஒண்ணு சுத்தி தலைமுடில சீப்பு மாட்டின மாதிரி ஆயிடும். நாலு போதும். ரெண்டு நீளமானது, 10 இல்ல 12 அடி, ரெண்டு பக்கமும் இறக்கை மாதிரி வெளிய நீட்டி வைக்கணும். ரெண்டு குட்டையானது, 6 இல்ல 7 அடி, பின் மூலைல ரெண்டும் பின்னாடி பாத்து. நீள வித்தியாசம்தான் தூண்டில் நரம்பை ஒண்ணுக்கொண்ணு தள்ளி வைக்குது, நாலும் ஒரே நீளமா இருந்தா சிக்கல் நிச்சயம். ஒரு ஆளுக்கு எத்தனை ராட் வைக்கலாம்ங்கறது மாநிலத்துக்கு மாநிலம், சில இடத்துல லேக்குக்கு லேக்கே மாறும், அதைப் பாத்துட்டு போங்க. ராட் நுனி மெதுவா வளையணும், விறைப்பா இருக்கற ராட் வேண்டாம், போட் ஓடிட்டு இருக்கும்போது மீன் கடிச்சா அந்த அதிர்ச்சியை ராட்தான் வாங்கிக்கணும், இல்லேன்னா அந்த பேப்பர் வாய் தாங்காது.

ரீல் சின்ன ஸ்பின்னிங் ரீல். நரம்பு 6 பவுண்டு மோனோ, அதாவது ஒத்தை இழை நரம்பு, மஞ்சள் கலர்ல பளிச்னு தெரியறது வாங்குங்க, மீனுக்கு பயமா இருக்கும்னு யோசிக்காதீங்க, நாலு நரம்பு எங்கெங்க போகுதுன்னு உங்க கண்ணுக்குத் தெரியறதுதான் முக்கியம். பிரெய்டுங்கற பின்னல் நரம்பு இதுக்கு வேண்டாம்னு நான் சொல்வேன், அது கொஞ்சம் கூட இழுபடாது, முள்ளு வாயைக் கிழிச்சுடும்.

ஜிக் 1/16 அவுன்ஸ்ல ஒரு டஜன், 1/32ல ஆறு, 1/8ல ஆறு. ரெண்டு அங்குல ப்ளாஸ்டிக் வால், சுருண்ட வால் உள்ளது இழுக்கறதுக்கு நல்லா இருக்கும், சும்மா மெதுவா இழுத்தாலே தானா ஆடும். சின்ன தகடு சுத்தற ரோட்ரன்னர் மாதிரி ஜிக் கலங்கின தண்ணில நல்லா வேலை செய்யும். கலர் மூணு போதும். கலங்கலுக்கு கறுப்பும் ஷார்ட்ரூஸ்னு சொல்ற அந்த கிளிப்பச்சை மஞ்சளும் கலந்தது, தெளிவான தண்ணிக்கு வெள்ளை இல்ல சாம்பல், மூணாவதா பிங்க். அவ்ளோதான், இதுக்கு மேல கலருக்கு காசு செலவு பண்றதுக்கு முன்னாடி அடுத்த பகுதியைப் படிங்க.

வேகம்தான் ஆழம்

நான் ஆரம்பிச்ச முதல் சீசன்ல அஞ்சு தடவை போய் மொத்தமா மூணு மீன் பிடிச்சேன். பக்கத்துல போற போட்ல மீன் மேல மீன் ஏறுது, என்கிட்ட அதே ஜிக், அதே கலர். நாலாவது தடவையோ என்னவோ, ராம்ப்ல போட்டை ட்ரெய்லர்ல ஏத்திட்டு இருந்த ஒரு பெரியவர்கிட்ட வெக்கத்தை விட்டு கேட்டேன், என்ன கலர் சார்னு. அவர் கலர் சொல்லவே இல்ல, எவ்ளோ வேகத்துல போனன்னு திருப்பிக் கேட்டார். நான் மணிக்கு சுமாரா ஒரு மைல், ஒண்ணரை மைல் இருக்கும்னேன். அவர் தன்னோட ஸ்கிரீனைக் காட்டினார், 0.8ன்னு இருந்துச்சு. சுமாரான்னு ஒண்ணு இதுல கிடையாது தம்பிங்கற அர்த்தத்துல ஏதோ சொல்லிட்டு போனார். அன்னிக்கு ராத்திரி உக்காந்து யோசிச்சப்பதான் புரிஞ்சுது.

விஷயம் இதுதான். ஜிக் தன்னோட எடையால கீழ இறங்கப் பாக்குது, நீங்க இழுக்கிற இழுப்பு அதை மேல தூக்குது. பட்டம் மாதிரின்னு வச்சுக்கோங்க, வேகமா ஓடினா மேல ஏறும், நின்னா விழும். அதனால ஜிக்கோட எடை, நரம்போட தடிமன், எவ்ளோ நரம்பு வெளிய விட்டிருக்கீங்க, எவ்ளோ வேகம், இந்த நாலும் சேந்துதான் ஆழத்தை முடிவு பண்ணுது. முதல் மூணும் காலைல ஒரு தடவை செட் பண்ணிட்டா மாறாது, நாள் பூரா மாறிட்டே இருக்கறது வேகம் மட்டும்தான். என் போட்ல 1/16 ஜிக், 6 பவுண்டு நரம்பு, 70 அடி வெளிய விட்டா, மணிக்கு 1 மைல்ல சுமார் 5, 6 அடில ஓடுது, அதையே 0.7க்கு குறைச்சா 8 அடியையும் தாண்டி கீழ இறங்கிடுது. பாருங்க, காலால ஒரு மிதி வித்தியாசம், ஜிக் மூணடி மேல கீழ போகுது. மீன் 8 அடில நிக்கும்போது நான் ஒண்ணரை மைல்ல போய் அதோட தலைக்கு ரொம்ப மேல இழுத்துட்டு போயிருக்கேன், அதுங்க எதுக்கு அவ்ளோ தூரம் ஏறி வரப்போகுது, அதுவும் குளிர்ந்த தண்ணில?

என் நம்பரை அப்படியே எடுத்துக்காதீங்க, உங்க நரம்பு, உங்க வால் சைஸ் எல்லாம் வேற. உங்க கணக்கை நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கு, ஒரு மணி நேரம்தான் ஆகும், அந்த ஒரு மணி நேரம் மீனைப் பத்தியே நினைக்காதீங்க.

மொதல்ல நரம்புல அடையாளம் வைக்கணும். போட் நீளம் 16 அடின்னா, நரம்பை முன் நுனில இருந்து பின் விளிம்பு வரைக்கும் நாலு தடவை அளந்தா 64 அடி, அந்த இடத்துல பெர்மனென்ட் மார்க்கரால ஒரு சாண் நீளத்துக்கு கறுப்பு தடவுங்க. நாலு ராட்லயும் இதே மாதிரி. இனிமே எந்த ராட்ல விட்டாலும் அந்த கறுப்பு ராட் நுனியைத் தாண்டினதும் நிறுத்தினா நாலும் ஒரே நீளம். அப்புறம், கீழ கட்டை புதர் இல்லாத, 8 அடி ஆழத்துக்கு சமமா இருக்கிற ஒரு இடத்தை ஃபிஷ்ஃபைண்டர்ல கண்டுபிடிங்க. ஒரே ஒரு ராட், 1/16 ஜிக், கறுப்பு வரைக்கும் விட்டு, மணிக்கு 1 மைல்ல நேரா போங்க. ஒரு நிமிஷம் கழிச்சு 0.9, அப்புறம் 0.8, இப்படி குறைச்சுட்டே வாங்க. ஒரு கட்டத்துல ராட் நுனி டொக் டொக்னு ஆட ஆரம்பிக்கும், மீன் கடிக்கற மாதிரி இருக்காது, ஒரே சீரா தட்டிட்டே இருக்கும். சுத்தி எடுத்துப் பாத்தா முள்ளுல சேறோ அழுகின இலையோ ஒட்டியிருக்கும். அந்த வேகத்தை எழுதி வைங்க, அந்த வேகத்துல உங்க ஜிக் 8 அடில ஓடுது. அதே மாதிரி 6 அடி இடத்துலயும் 10 அடி இடத்துலயும் பண்ணிட்டு, 1/8 ஜிக்குக்கும் பண்ணிட்டு, ஒரு சின்ன அட்டைல எழுதி கன்சோல்ல ஒட்டிட்டீங்கன்னா அந்த அட்டைதான் உங்க போட்லயே விலை உயர்ந்த பொருள். என் அட்டை தண்ணி பட்டு மை கலைஞ்சு, மூணாவது தடவையா திருப்பி எழுதி டேப் ஒட்டி வச்சிருக்கேன்.

தண்ணில இறங்கினப்புறம்

ராம்ப்ல இருந்து கிளம்பி நேரா இழுக்க ஆரம்பிக்காதீங்க. பெரிய மோட்டார்ல மெதுவா ஓடைவாய் பக்கம் ஒரு ரவுண்டு போய் ஸ்கிரீனைப் பாருங்க, சின்ன மீன் கூட்டம் மேகம் மாதிரி தெரியும், அதுக்குக் கீழயோ ஓரத்துலயோ பெரிய புள்ளியா வளைவா தெரியறது நம்ம ஆளுங்க. அது எத்தன அடில இருக்குன்னு பாருங்க, 9 அடின்னா உங்க ஜிக் 8 அடில ஓடணும். அட்டையைப் பாத்து வேகத்தை முடிவு பண்ணுங்க. தண்ணி ரொம்ப குளிரா இருந்தா 0.6, 0.7 மாதிரி மெதுவா போனாத்தான் துரத்தி வரும், ஏப்ரல் கடைசில முட்டையிட்டு முடிச்சுட்டு ஆழத்துக்குத் திரும்பும்போது 1, 1.2 வரைக்கும் கூட போகலாம். வேகமா போகணும் ஆனா ஆழமும் வேணும்னா எடையை 1/8க்கு மாத்துங்க, மெதுவா போகணும் ஆனா மேலயே ஓடணும்னா 1/32.

ஜிக்கை முடியற முடிச்சு, நரம்பு கட்டற ஓட்டையை இறுக்கமா பிடிச்சுக்கற முடிச்சா இல்லாம, சின்ன வளையம் விட்டு முடியற லூப் நாட்டா இருந்தா ஜிக் சுதந்திரமா ஆடும். நேரமே எடுக்காது, வீட்ல டிவி பாத்துட்டே பத்து தடவை முடிஞ்சு பழகிக்கோங்க, காலைல விரல் விறைச்சிருக்கும்போது பழக்கம்தான் கைகொடுக்கும்.

நரம்பு விடும்போது போட் ஓடிட்டே இருக்கணும், நின்ன போட்ல இருந்து விட்டா ஜிக் நேரா தரைக்குப் போய் கட்டைல மாட்டும். மொதல்ல வெளிப்பக்க நீள ராட், பின்னாடி பாத்து வீசி, கறுப்பு வரைக்கும் விட்டு, நரம்பு விறைச்சதும் ஹோல்டர்ல வைங்க. அப்புறம் உள்பக்கம் ரெண்டும். ரீல்ல நரம்போட இறுக்கத்தை கூட்டிக் குறைக்கற டிராகை ரொம்ப தளர்வா வைங்க, கையால இழுத்தா சுலபமா நரம்பு வரணும்.

இப்ப முக்கியமான ஒண்ணு, திருப்பம். நேரா கோடு போட்ட மாதிரி போகாதீங்க, பாம்பு மாதிரி லேசா வளைஞ்சு வளைஞ்சு போங்க. வலது பக்கம் திரும்பினா வலப்பக்க ராட்ங்க உள்வட்டத்துல போகும், அதோட வேகம் குறையும், ஜிக் கீழ இறங்கும். இடப்பக்கம் வெளிவட்டம், வேகம் கூடும், ஜிக் மேல ஏறும். போன மார்ச்ல ஒரு காலைல ஒண்ணரை மணி நேரம் ஒண்ணுமே இல்லாம போயிட்டு இருந்தோம், பொண்ணு கூட வந்திருந்தா, போர் அடிக்குது அப்பான்னுட்டா. ஒரு மிதவைக் கட்டையைத் தவிர்க்க வலது பக்கம் திரும்பினேன், திரும்பி பாதி வட்டம் வந்திருக்கும், வலப்பக்க நீள ராட் மெதுவா வளைஞ்சுது, அது வளைஞ்சுட்டு இருக்கும்போதே அதுக்குப் பக்கத்துல இருந்த குட்டை ராட்டும் வளைஞ்சுது. ரெண்டு மீனும் உள்வட்டத்துல, அதாவது ஆழமா மெதுவா ஓடின ஜிக்ல. உடனே 0.9ல இருந்து 0.7க்கு குறைச்சேன், அடுத்த முக்கால் மணி நேரத்துல பதினொண்ணு. இந்தத் திருப்பத்தை நாள் பூரா கேள்வி கேக்கற மாதிரி பயன்படுத்துங்க. உள்பக்கம் கடிச்சா மெதுவா போ, வெளிப்பக்கம் கடிச்சா வேகமா போன்னு மீனே பதில் சொல்லும். ஆனா வட்டம் ரொம்ப பெருசா இருக்கணும், பின்னாடி 70 அடி நரம்பு வருதுன்னு மறந்து சட்டுனு திருப்பினா நாலும் பின்னிக்கும், அதைப் பிரிக்கறதுக்குள்ள மீன் கூட்டம் போயிடும். அப்படி சிக்கிடுச்சுன்னா பிரிக்கவே உக்காராதீங்க, வெட்டி, தண்ணில எறியாம சுருட்டி பைல போட்டுட்டு புது ஜிக் முடிஞ்சு விடுங்க.

கடி ரெண்டு விதமா வரும். ஒண்ணு ராட் சீரா வளையும், இது யாருக்கும் தெரியும். இன்னொண்ணு தலைகீழ், லேசா வளைஞ்சிருந்த ராட் திடீர்னு நிமிந்துடும், நரம்பு தொய்வா ஆயிடும். மீன் கீழ இருந்து வந்து வாய்ல வாங்கிட்டு போட் போற திசையிலயே மேல நீந்துது, அதான். புதுசா வர்றவங்க இதை கவனிக்கறதே இல்ல. இதுக்கு வேகமா ரீலைச் சுத்தி தொய்வை எடுத்துட்டு அப்புறம் ராடைத் தூக்குங்க.

எதுவா இருந்தாலும் சுண்டாதீங்க. போட் ஓடற ஓட்டத்துலயே முள்ளு மாட்டியிருக்கும். ஹோல்டர்ல இருந்து ராடை மெதுவா தூக்கி, ஒரே சீரா சுத்துங்க, நிறுத்தி நிறுத்தி பம்ப் பண்ணாதீங்க. மோட்டாரை நிறுத்தாதீங்க, நிறுத்தினா மிச்ச மூணு ஜிக்கும் தரைல உக்காந்துடும், தவிர ஒரு மீன் கடிச்சா அது கூட்டம், அடுத்த ராட் வளையப் போகுது. வெளிப்பக்க ராட்ல மாட்டின மீனை தண்ணி மேல் பரப்புக்கு கொண்டு வந்து, மத்த நரம்புங்களுக்கு வெளியிலயே வச்சு கிட்ட கொண்டு வாங்க. கையால தூக்கி போட்டுக்குள்ள போடப் பாக்காதீங்க, நீளக் கைப்பிடி வலை கட்டாயம். பெரிய மீனுங்க எல்லாம் போட் ஓரத்துலதான் கைவிட்டுப் போகும்.

காத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை. காத்தை எதிர்த்துப் போறது சுலபம், வேகம் உங்க கைல இருக்கும். பின்னாடி இருந்து காத்து தள்ளினா மோட்டாரை நிறுத்தினாலும் 1.3ல போகும், அதுக்கு தண்ணில குடை மாதிரி விரியற ட்ரிஃப்ட் சாக் ஒண்ணை தொங்க விடலாம். பக்கவாட்டுல காத்து அடிக்கிற நாள்ல நாலு நரம்பையும் ஒரே பக்கம் ஒதுக்கிடும், அன்னிக்கு காத்து மறைவான ஓடைக்குள்ள போயிடுங்க.

மத்தவங்களுக்கும் இடம் விடணும். கரைல நின்னு பிடிக்கிறவங்களோட வீசற தூரத்துக்குள்ள போகக்கூடாது, ஒரே இடத்துல நங்கூரம் போட்டு நிக்கறவங்களைச் சுத்திப் போகணும், எதிர்ல இன்னொரு ட்ரோலிங் போட் வந்தா தூரத்துலயே கை காட்டி யார் எந்தப் பக்கம்னு பேசிக்கோங்க.

மார்ச் கடைசி, ஏப்ரல்ல ரோட்டோரம் டாக்வுட் மரம் வெள்ளையா பூத்தா கிராப்பி கரைக்கு வந்துடுச்சுன்னு இங்க பெரியவங்க சொல்வாங்க. தண்ணி அறுபது டிகிரியைத் தாண்டி அறுபத்தஞ்சைத் தொடற சமயம் அது. அப்ப ட்ரோலிங் கொஞ்சம் மந்தமாகும், மூணு நாலு அடி தண்ணில 1/32 வச்சு இழுக்கலாம், இல்ல தக்கை போட்டு புதரோரம் பிடிக்கலாம். மே மாசம் திரும்ப ஆழத்துக்கு வந்ததும் இழுக்க ஆரம்பிக்கலாம், அப்புறம் அக்டோபர், நவம்பர்ல இன்னொரு நல்ல காலம் உண்டு.

கிளம்பறதுக்கு முன்னாடி

இது பின்னாடி வந்தாலும் முன்னாடி செய்ய வேண்டிய வேலை. 16 வயசு ஆனவங்க எல்லாருக்கும் நார்த் கரோலினாவுல மீன்பிடி லைசென்ஸ் வேணும், ஆன்லைன்லயே எடுத்துடலாம், சிட்டிசனா இருக்கணும்னு இல்ல. மோட்டார் மாட்டின போட் எதுவா இருந்தாலும், அது சின்ன எலக்ட்ரிக் மோட்டாரா இருந்தாலும், ரெஜிஸ்டர் பண்ணணும். 1988 ஜனவரி 1லயோ அதுக்கு அப்புறமோ பிறந்தவங்க 10 குதிரைத்திறனும் அதுக்கு மேலயும் உள்ள மோட்டார் ஓட்டணும்னா போட்டிங் சேஃப்டி கோர்ஸ் முடிச்சிருக்கணும். எத்தன மீன், எத்தன அங்குலம்ங்கறது லேக்குக்கு லேக் மாறும், ஜோர்டன்ல ஒரு நாளைக்கு ஆளுக்கு 20, குறைஞ்சது 10 அங்குலம், ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் புது விதியைப் பாத்துட்டு போங்க. அளக்கற ஸ்கேலை போட்ல ஒட்டி வைங்க. சின்னதா இருந்தா கையை நனைச்சுட்டு பிடிச்சு, முள்ளை எடுத்து, தூக்கி எறியாம தண்ணிக்குள்ள கையை விட்டு விடுங்க.

லைஃப் ஜாக்கெட் விஷயத்துல தயவுசெஞ்சு நான் சொல்றதைக் கேளுங்க. 13 வயசுக்குக் கீழ உள்ள பசங்க போட் ஓடும்போது போட்டுத்தான் ஆகணும்ங்கறது இங்க சட்டம், பெரியவங்க போட்ல வச்சிருந்தா போதும்னு இருக்கு. ஆனா கிராப்பி சீசன் தண்ணி ஐம்பது டிகிரில இருக்கிற சீசன். நல்லா நீச்சல் தெரிஞ்சவங்களுக்கும் அந்தக் குளிர்ல விழுந்த உடனே மூச்சு வாங்கும், வாய்க்குள்ள தண்ணி போகும், பத்து நிமிஷத்துல கை விரல் சொன்ன பேச்சு கேக்காது. கிணத்துலயும் ஆத்துலயும் நீந்திப் பழகின நமக்கு அந்தக் குளிர் தெரியாது. கனமான ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் போட்டுட்டு பின்னாடி ராட் ஹோல்டர் பக்கம் எட்டி எட்டி வேலை செய்யற ஆள் நாம. தனியா போனா கட்டாயம் மாட்டிக்கோங்க, துணைக்கு ஆள் இருந்தாலும் மாட்டிக்கோங்க. பெரிய மோட்டாரை ஓட்டும்போது ஆள் தவறி விழுந்தா மோட்டாரை நிறுத்தற கில் ஸ்விட்ச் கயித்தை உடம்புல மாட்டிக்கணும், 2021 ஏப்ரல்ல இருந்து 26 அடிக்குக் கீழ உள்ள போட்டுங்களுக்கு அதுவும் மத்திய அரசு சட்டம். எத்தன மணிக்கு எந்த ராம்ப்ல இறங்கறீங்க, எத்தன மணிக்கு திரும்புவீங்கன்னு வீட்ல சொல்லிட்டு போங்க.

பிடிச்சதை ஐஸ் பெட்டில போட்டுடுங்க, வெயில்ல கிடந்தா சதை குழைஞ்சுடும். வீட்டுக்கு வந்து செவுள் பின்னாடி கத்தி வச்சு முதுகெலும்பை ஒட்டி வால் வரைக்கும் சீவி, விலா எலும்பை எடுத்துட்டு, தோலை உரிச்சா ரெண்டு பக்கமும் முள்ளே இல்லாத வெள்ளை சதை வரும், பசங்களுக்கு பயமில்லாம குடுக்கலாம். மிளகாத்தூள், மஞ்சத்தூள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சை, பிடிமானத்துக்கு ஒரு ஸ்பூன் அரிசி மாவு, அரை மணி நேரம் ஊறினா போதும், அதுக்கு மேல ஊற வச்சா எலுமிச்சை சதையை இறுக்கிடும். சீலா துண்டு மாதிரி நெனச்சு ரொம்ப நேரம் கல்லுல விடாதீங்க, இது மெல்லிசு, ஓரம் வெள்ளையாகி சுருள ஆரம்பிச்சதும் திருப்பிப் போட்டு, இன்னும் ஒண்ணரை நிமிஷத்துல எடுத்துடுங்க.